நார்மண்டி கிராமம் கட்ட எந்த ஷீட் வாங்கலாம்? எக்ஸ்பிஎஸ், ஃபோம் போர்டு, எம்டிஎஃப், பிவிசி: என் மதிப்பீடு

மினியேச்சர் போர் விளையாட்டுக்குக் கட்டடம் செய்ய எந்தப் பொருள் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், எந்த ஊர் வீடு என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் போல்ட் ஆக்‌ஷன் என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டுக்கு, 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு ஏற்ற அளவில் பிரான்சின் நார்மண்டி கிராமம் வேண்டும், 1944 ஜூன் 6-க்கு அப்புறம் சண்டை நடந்த அந்தக் கல் வீடுகளும் தொழுவங்களும் தோட்டச் சுவர்களும் வேண்டும் என்றால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. சுவரின் உள்பக்கம் ஃபோம் போர்டு, வெளிப்பக்கம் எக்ஸ்பிஎஸ், அடித்தளத்துக்கு பிவிசி ஃபோம் ஷீட், கூரைக்குச் சாதாரண அட்டை. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கிட் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எல்லோரும் பொருளை முதலில் பார்க்கிறார்கள், நான் சுவரின் தடிமனை முதலில் பார்ப்பேன். 28 மி.மீ. பொம்மைகளுக்கு ஏறக்குறைய 1:56 ஸ்கேல் என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 5.6 செ.மீ. நார்மண்டிப் பக்கத்துப் பழைய பண்ணை வீட்டின் கல் சுவர் 50, 60 செ.மீ. தடிமன் இருப்பது சாதாரணம், அது நம் மேசையில் 9 முதல் 11 மி.மீ. வரும். இப்போது கடையில் கிடைப்பதைப் பாருங்கள்: 5 மி.மீ. ஃபோம் போர்டும் 5 மி.மீ. எக்ஸ்பிஎஸ்ஸும் சேர்த்து ஒட்டினால் 10 மி.மீ., நிஜத்தில் 56 செ.மீ. கணக்கு அப்படியே பொருந்துகிறது. 3 மி.மீ. எம்டிஎஃப் என்றால் வெறும் 17 செ.மீ. சுவர், 2 மி.மீ. என்றால் 11 செ.மீ. அரைச் செங்கல் சுவரின் அளவுதான் அது. எம்டிஎஃப்-இல் செய்த நார்மண்டி வீடு எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் பெட்டி மாதிரியே தெரிவதற்குக் காரணம் பெயின்ட் இல்லை, ஜன்னல் குழியில் நிழல் விழாததுதான். சுவர் தடிமனாக இருந்தால் ஜன்னல் உள்ளே தள்ளி உட்காரும், அதற்கு மேல் ஒரு நிழல் விழும், அந்த நிழல்தான் கண்ணுக்குக் கல் வீடு என்று சொல்கிறது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எக்ஸ்பிஎஸ் என்பது எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன், கட்டடங்களின் மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் போடும் இன்சுலேஷன் பலகை. வெளிநாட்டு வீடியோக்களில் நீலமாகக் காட்டுவது டௌ கம்பெனி கொண்டுவந்த ஸ்டைரோஃபோம், ரோஸ் நிறத்தில் காட்டுவது ஓவன்ஸ் கார்னிங் கம்பெனியின் ஃபோமுலர். நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நீலம்தான் வேண்டும் என்று கடைகடையாக அலைய வேண்டாம். தெர்மாகோலும் இதுவும் ஒரே பாலிஸ்டைரீன்தான், ஆனால் தெர்மாகோல் மணி மணியாகச் சேர்த்து அழுத்தியது, இது ஒரே சீரான நுண்ணிய அறைகளாக இருக்கும். கடையில் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை ஒடித்துப் பாருங்கள், மணி உதிர்ந்தால் அது தெர்மாகோல், வழவழப்பாக ஒடிந்தால் எக்ஸ்பிஎஸ்.

இதைப் பற்றி நிறையச் சொல்வேன், ஏனென்றால் கல் சுவருக்கு இதைவிட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. புது பிளேடு போட்ட கட்டர் பனீரில் இறங்குவது போல இறங்கும். பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டால் அதுவே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சாந்துக் கோடு. அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி மேலே அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடுகிறது. கோடு போடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள், எல்லாக் கற்களும் ஒரே அளவில் வந்தால் அது காம்பவுண்டு சுவர் மாதிரி ஆகிவிடும். நார்மண்டியில் கான் (Caen) நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல், ஓரளவு சதுரமாகச் செதுக்கியது, வரிசை தெரியும். லண்டன் டவரைக் கட்ட நார்மன்கள் கடல் தாண்டிக் கொண்டு போனதும் இந்தக் கான் கல்தான். மேற்கே போகாஜ் என்னும் உயிர்வேலி சூழ்ந்த வயல்கள் பக்கம் போனால் சிஸ்ட் பாறையும் கிரானைட்டும், சாம்பலும் பழுப்புமாக, ஒழுங்கில்லாத துண்டுகள். இரண்டிலுமே வீட்டு மூலைகளிலும் ஜன்னலைச் சுற்றியும் மட்டும் பெரிய, நேராகச் செதுக்கிய கற்கள் இருக்கும். எக்ஸ்பிஎஸ்-இல் அந்த மூலைக் கற்களைத் தனியாக 2 மி.மீ. தடிமனில் வெட்டி ஒட்டினால் வீடு உடனே பிரெஞ்சு வீடாகிவிடுகிறது. எம்டிஎஃப்-இல் லேசர் கீறிய கோட்டில் இந்த ஆழம் வராது.

கஷ்டம் எங்கே என்றால் மெல்லிய ஷீட் கிடைப்பதில்தான். நம் ஊரில் இன்சுலேஷன் டீலர்களிடம் 1250 x 600 மி.மீ. பலகை 25, 50 மி.மீ. தடிமனில் சுலபமாகக் கிடைக்கும், 5 மி.மீ. கேட்டால் இல்லை என்பார்கள். 25 மி.மீ. வாங்கி சூடான கம்பியால் நாமே சீவிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஒரு மேசைக் கட்டர் வேண்டும், பேட்டரி போட்ட பேனா மாதிரித் தெர்மாகோல் கட்டர் இந்த வேலைக்கு உதவாது, அது சின்னச் சின்ன வளைவுகளுக்குத்தான். பிராக்ஸன் கம்பெனியின் தெர்மோகட் நல்ல கருவி, விலைதான் உறுத்தும். நானே செய்துகொண்ட மேசையில் வேலை நன்றாக நடக்கிறது: ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நைக்ரோம் கம்பியும் 12 வோல்ட் அடாப்டரும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்ன போர்டும் வாங்கி ஒரு பலகையில் பொருத்திக்கொள்ளலாம். கம்பி சூடானால் நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் வெட்டு வயிறு தள்ளும், அதனால் ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டு எப்போதும் இழுத்த நிலையில் வையுங்கள். தள்ளும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். நின்று நின்று தள்ளினால் நின்ற இடத்தில் எல்லாம் பள்ளம் விழும். ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், உருகும் பாலிஸ்டைரீன் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை. ஒரு 25 மி.மீ. பலகையை வாங்கினால் ஒரு முழுத் தெருவுக்கே சுவர் சீவலாம், அதனால் நண்பர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் நடைமுறையில் நல்லது. ஒரு பலகைக்காக டீலரிடம் போய் நிற்பதும் சங்கடம், அவர்கள் சதுர மீட்டர் கணக்கில் விற்பவர்கள்.

எக்ஸ்பிஎஸ்-இன் இன்னொரு குறை, அது அடி தாங்காது. நகம் பட்டால் பள்ளம். அதனால் பெயின்டுக்கு முன்னால் ஒரு கோட்டிங் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் மாட் பாட்ஜ் என்ற பசையும் கறுப்பு அக்ரிலிக் பெயின்டும் கலந்து அடிப்பார்கள். இங்கே ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீரும் கறுப்பு ஃபெவிக்ரிலும் கலந்து அடித்தால் அதே வேலை நடக்கிறது, கடினமான தோல் மாதிரி ஒரு படலம் வருகிறது, பிரைமரும் ஆயிற்று. ஸ்பிரே பெயின்டை மட்டும் நேராக அடித்துவிடாதீர்கள். ஸ்பிரே டப்பாவில் இருக்கும் கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், சுவர் கண்ணெதிரே குழிகுழியாகக் கரையும். படலம் முழுசாக மூடிய பிறகு அடிக்கலாம், ஒரு ஊசி முனை இடம் விட்டுப்போனாலும் அங்கே உள்ளே பொந்து விழும்.

ஃபோம் போர்டு பற்றி. இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் ஃபோம், 5 மி.மீ. எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், பள்ளிக்கூடப் புராஜெக்டுக்குப் பிள்ளைகள் வாங்கும் அதே சாமான்தான், பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் பெரிய ஷீட்டாக மலிவாகவும் கிடைக்கும். வீட்டின் எலும்புக்கூடு செய்ய இதுதான் வேகமானது. ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள், முதல் இழுப்பு மேல் காகிதத்துக்கு, இரண்டாவது ஃபோமுக்கு, மூன்றாவது கீழ்க் காகிதத்துக்கு. பிளேடு நுனி மழுங்கினால் ஃபோம் பிய்ந்து வரும், உடனே ஒடித்துப் புது நுனி எடுங்கள், பிளேடில் மிச்சம் பிடிப்பவர்களின் மூலைகள் எப்போதும் பிசிறடிக்கும். மூலையில் சேர்க்கும்போது ஒரு சுவரின் ஓரத்தில் 5 மி.மீ. அகலத்துக்கு உள்காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் சுரண்டி எடுத்து வெளிக்காகிதத்தை விட்டுவைத்தால், அடுத்த சுவர் அந்தப் படியில் உட்காரும், வெளியே இணைப்புத் தெரியாது. எக்ஸ்பிஎஸ் மேலே ஒட்டப் போகும் சுவருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், சுண்ணாம்பு பூசிய வீட்டுக்கு வேண்டும்.

இதன் பிரச்சனை காகிதம். ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகாலோ தண்ணீர்ப் பெயின்டோ அடித்தால் காகிதம் ஊறிச் சுருங்கும், சுவர் வில்லாக வளையும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இரண்டு மடங்கு. வழி என்னவென்றால் எந்தப் பக்கம் என்ன அடித்தாலும் மறுபக்கமும் அதையே அடிப்பது, காயும் வரை மேலே புத்தகம் வைப்பது. எக்ஸ்பிஎஸ்-ஐ வெளிப்பக்கம் ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கக் காகிதத்தை உரித்துவிடுபவர்களும் உண்டு, நான் உரிப்பதில்லை, ஒட்டுவதற்குக் காகிதம் நல்ல பிடி தருகிறது.

ஒட்டுவது என்றதும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை ஃபெவிகால் எல்லா ஃபோமுக்கும் பாதுகாப்பானது, ஆனால் அது காய்வதற்குத் தண்ணீர் வெளியேற வேண்டும். இரண்டு எக்ஸ்பிஎஸ் துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஒட்டினால் தண்ணீர் போக வழியே இல்லை, நாள்கணக்கில் நடுவில் ஈரமாகவே இருக்கும். ஒரு பக்கம் காகிதம் இருந்தால் பரவாயில்லை, அது உறிஞ்சும். இரண்டும் ஃபோம் என்றால் பல்குச்சியைக் குறுக்கே குத்திப் பிடிமானம் கொடுத்துவிட்டு ஓரங்களில் மட்டும் ஹாட் குளூ வைக்கலாம், அதுவும் குறைந்த சூட்டுத் துப்பாக்கியாக இருந்தால் நல்லது. ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசைகளும் ஃபெவிக்விக்கும் பாலிஸ்டைரீன் பக்கமே வரக் கூடாது, இரண்டும் ஃபோமைக் கரைக்கும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அடுத்தது பிவிசி ஃபோம் ஷீட். சன்போர்டு என்று கேட்டால் சில கடைகளில் இதைத் தருவார்கள், சில கடைகளில் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டைத் தருவார்கள், அதனால் கையில் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பிவிசி உள்ளே வெளியே ஒரே பொருள், காகிதம் கிடையாது, நகத்துக்குச் சட்டென்று பணியாது. 3 மி.மீ., 5 மி.மீ. இரண்டும் போர்டு பிரிண்டிங் செய்யும் கடைகளில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும், கேட்டால் சும்மாகூடத் தருவார்கள். கட்டடத்தின் அடித்தளத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். மேலே ஃபெவிகால் ஊற்றி மணல் தூவினாலும் வளையாது, தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது, ஓரத்தைக் கட்டரால் சாய்வாகச் சீவலாம். ஸ்பெயின் நாட்டு பிளாஸ்ட் கிராஃப்ட் கம்பெனி கட்டட கிட்டுகளையே இந்தப் பொருளில்தான் செய்கிறது. கோடு கீறினால் நிற்கும், வெந்நீரில் முக்கினால் வளைக்கலாம், ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் அல்லது பிளம்பர் பயன்படுத்தும் பிவிசி சொல்யூஷன். சூட்டுக் கம்பியும் லேசரும் மட்டும் இதற்கு ஆகவே ஆகாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் கெடுதல், இயந்திரத்தையும் அரிக்கும். இதை லேசர் கடைக்கு எடுத்துப் போனால் விஷயம் தெரிந்தவர் திருப்பி அனுப்பிவிடுவார், தெரியாதவர் வெட்டிக் கொடுப்பார், அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

இனி எம்டிஎஃப். இதைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை, லேசர் கட் எம்டிஎஃப் வந்த பிறகுதான் நிறையப் பேரின் மேசையில் கட்டடமே வந்தது. இங்கிலாந்தின் சாரிசா பிரிசிஷன் கிட்டுகள் சரியாகப் பொருந்தும், ஃபோர்கிரவுண்ட் வீடுகள் பெயின்ட் அடித்தே வந்தன. செங்கல் நகரத் தெரு, தொழிற்சாலை, ஸ்டேஷன், மரச்சட்ட வீடு, இதற்கெல்லாம் எம்டிஎஃப் நன்றாக இருக்கும், ஏனென்றால் அங்கே சுவர் நிஜமாகவே மெல்லியது, விளிம்பு நேராக இருக்க வேண்டும். மாடி மாடியாகக் கழற்றி வைத்து விளையாட வேண்டிய நான்கு மாடிக் கட்டடம் என்றால் நானும் எம்டிஎஃப்தான் வாங்குவேன், ஃபோம் அவ்வளவு கையாளலைத் தாங்காது. நார்மண்டிப் பண்ணை வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான் என் வாதம்.

எடை ஒரு பெரிய விஷயம். எம்டிஎஃப் கன மீட்டருக்கு 700, 800 கிலோ, எக்ஸ்பிஎஸ் சுமார் 30 கிலோ, ஒரே அளவுக்கு இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். காரில் போகிறவருக்கு இது தெரியாது. ஒரு முழுக் கிராமத்தையும் பெட்டியில் வைத்து எலக்ட்ரிக் ட்ரெயினில் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியும்.

ஈரமும் எம்டிஎஃப்-க்கு எதிரிதான். வெட்டின விளிம்பு தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஒருமுறை உப்பினால் பழையபடி வராது. ஒட்டுவதற்கு முன்னால் எல்லா விளிம்புக்கும் ஃபெவிகால் தண்ணீர் ஒரு கோட்டிங் கொடுத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், தேய்க்கும்போது மாஸ்க் வேண்டும், எம்டிஎஃப்-ஐப் பிடித்து வைத்திருப்பது ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசை. லேசர் கருக்கிய விளிம்பு கறுப்பாக இருக்கும், வெளிர் நிறத்தில் பெயின்ட் அடித்தால் பழுப்பாகக் கசியும், அதற்கும் இந்தக் கோட்டிங்தான் மருந்து. மூலைகளில் பல் பல்லாகத் தெரியும் இணைப்பை வால் புட்டி வைத்து மூடவில்லை என்றால் அது எந்த நாட்டு வீடாகவும் தெரியாது.

சொந்தமாக வரைந்து லோக்கல் லேசர் கடையில் வெட்டிக்கொள்ளும் சேவை பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கடை கிடைத்தால் கிட் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். ஆனால் 3 மி.மீ. என்று விற்கும் பலகை எப்போதும் 3 மி.மீ. இருக்காது. ஒரு கடையில் எனக்கு வந்தது 2.7 தான் இருந்தது, 3 மி.மீ. துளையில் அது ஆடியது, பேசிப் பார்த்தும் மாற்றித் தரவில்லை. அதனால் முதலில் அவர்களிடம் இருக்கும் பலகையை வெர்னியரில் அளந்துவிட்டு, லேசர் கதிர் தின்னும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரையும் கணக்கில் சேர்த்து, அப்புறம் துளையை வரையுங்கள். ஒரு சின்ன மூலையை மட்டும் சோதனைக்கு வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், தராத கடையில் மொத்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

தெர்மாகோல்? வீட்டுக்கு வேண்டாம். மணி உதிரும், கோடு நிற்காது, மூலை நிற்காது. குன்றுக்கும் மேட்டுக்கும் பயன்படுத்துங்கள், மேலே வால் புட்டியும் ஃபெவிகாலும் கலந்து பூசினால் போதும்.

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஜன்னல், கதவு, ஷட்டர், புகைபோக்கிக் குழாய், கிணற்றுச் சக்கரம், இதையெல்லாம் பிரிண்ட் செய்வதை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன், அது கையால் செய்தால் கண் போகும் வேலை. முழு வீட்டையும் பிரிண்ட் செய்தால் 0.2 மி.மீ. அடுக்குக் கோடுகள் கூரைச் சரிவில் படி படியாகத் தெரியும், தேய்த்து எடுப்பது பெரும்பாடு, நேரமும் பிடிக்கும். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும், கூரை தொய்ந்த வீட்டை அப்புறம் நிமிர்த்த முடியாது. காரில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்யுங்கள், அது 80 டிகிரி பக்கத்தில்தான் இளகும்.

ரெசின் வீடுகள், குரோஷியாவின் டேபிள்டாப் வேர்ல்ட் மாதிரி, பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் கனம், அனுப்பும் செலவு, கஸ்டம்ஸ் என்று சேர்த்துப் பார்த்தால் மேசையின் நடுவில் ஒன்று வைக்கலாம், ஒரு கிராமம் வைக்க முடியாது. வாங்கினால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள், அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப்பசை மேலேயே இருக்கும். வார்லார்டு கம்பெனியின் பிளாஸ்டிக் இடிந்த பண்ணை வீடு ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதையே அளவுக்கு மாதிரியாக வைத்து மற்றதை ஃபோமில் செய்யலாம். ரயில் மாடல் கடைகளில் கிடைக்கும் 1:87 வீடுகளை மட்டும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், கதவு பொம்மையின் தோள் உயரம்கூட வராது. கதவு என்றதும், 2 மீட்டர் கதவு கணக்குப்படி 36 மி.மீ. வரும், ஆனால் பொம்மை பேஸ் மேல் நிற்கிறது, அந்த 2, 3 மி.மீ. உயரத்தையும் சேர்த்து 40 மி.மீ. வைத்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

கூரைக்கு வருவோம். நார்மண்டியில் சிலேட்டும் ஓடும் வைக்கோலும் மூன்றும் உண்டு. சிலேட்டுக்குக் காலை உணவு வரும் அட்டைப் பெட்டிதான் சரி. 5 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி, ஒரு ஓரத்தில் மட்டும் 4 மி.மீ.-க்கு ஒரு வெட்டு வைத்து, கீழிருந்து மேலாக ஒன்றன் மேல் ஒன்று பாதி மூடும்படி ஒட்ட வேண்டும். அங்கங்கே ஒரு சிலேட்டைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், சண்டை நடந்த ஊர் அது. இதையே லேசர் கட் எம்டிஎஃப் கூரையில் வெறும் கோடாகத்தான் கீறியிருப்பார்கள், நிழல் விழாது. கூரையின் அடிப்பலகைக்கு 2 மி.மீ. பைண்டிங் அட்டை, அதற்கும் இரண்டு பக்கமும் கோட்டிங். வைக்கோல் கூரைக்கு டர்க்கி டவல் துண்டை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் கீழ்நோக்கி வாரிவிட வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், விரல் எத்தனை முறை பட்டாலும் கவலையில்லை. நார்மண்டியில் வைக்கோல் கூரையின் முகட்டில் ஐரிஸ் செடி நடுவார்கள், வேர் முகட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காக. முகடு முழுக்கப் பச்சையாகக் கொஞ்சம் தூவிவிட்டால் பார்த்தவுடன் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

தேங்காய் நார் கூரைக்குச் சரிப்படாது, இழை ரொம்பத் தடிமன், ஆனால் கோதுமை வயலுக்கு அதுதான். இங்கிலாந்தில் விளையாடுகிறவர்கள் வாசலில் போடும் நார் மிதியடியை வாங்கிச் சதுரமாக வெட்டிக் கோதுமை வயல் என்று வைக்கிறார்கள். நமக்குப் பொள்ளாச்சி நார் மிதியடி எந்தக் கடையிலும் கிடைக்கிறது, வீட்டுக்குப் பக்கத்திலேயே வயலும் ஆயிற்று.

நார்மண்டியின் கிழக்கே பேயி தோஜ் (Pays d'Auge) பகுதி வீடு செய்வதாக இருந்தால் மரச்சட்டம் வேண்டும். தீக்குச்சி 2 மி.மீ. சதுரம், நிஜத்தில் 11 செ.மீ. சட்டம், நேராக வைத்து ஒட்டலாம். ஐஸ் குச்சியை அப்படியே பலகையாக வைக்காதீர்கள், 10 மி.மீ. அகலம் என்றால் நிஜத்தில் 56 செ.மீ. பலகை ஆகிறது, நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் 19 செ.மீ. வரும், அது நம்பும்படி இருக்கும். சட்டங்களுக்கு நடுவே வால் புட்டியும் ஃபெவிகாலும் கலந்து பிரஷ்ஷால் ஒற்றிவிடுங்கள், களிமண் பூச்சு மாதிரியே மேடுபள்ளமாக நிற்கும். புட்டியில் ஒயிட் சிமெண்ட் இருக்கிறது, தோல் வறண்டு வெடிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கூரை கழறுமா கழறாதா என்பதைப் பொருள் வாங்கும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். போல்ட் ஆக்‌ஷனில் படைப்பிரிவு வீட்டுக்குள் நுழையும், உள்ளே பொம்மை வைக்க வேண்டும் என்றால் கூரையைத் தூக்க வேண்டும், ஒரு மாலை ஆட்டத்தில் ஒரே கூரையை எத்தனையோ தடவை தூக்குவார்கள், எல்லோரும் முகட்டைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அதனால் முகட்டுக்கு அடியில் ஒரு மரக்குச்சியை முழு நீளத்துக்கு ஒட்டுங்கள், கூரை உட்காரும் சுவர் விளிம்பில் வெறும் எக்ஸ்பிஎஸ்ஸை விடாமல் ஒரு கீற்று பிவிசி வைத்து மூடுங்கள். அந்த விளிம்புதான் முதலில் நசுங்கும். பிவிசி கழிவுத் துண்டில் 10 மி.மீ. அகலக் கீற்று வெட்டி வைத்துக்கொண்டால் போதும், சுவரின் தடிமனும் அதே 10 மி.மீ.தான்.